லாரிகளை ரயிலேற்றிய பள்ளத்தாக்கு

சுவிட்சர்லாந்து என்றதும் நமக்குப் பனிமலையும் சினிமா டூயட்டும்தான் நினைவுக்கு வரும். சுற்றுலா போகிறவர்கள் யுங்ஃபிராவ், டிட்லிஸ் என்று சிகரங்களைப் பார்த்துவிட்டு, சாக்லேட் பெட்டிகளோடு திரும்பிவிடுவார்கள். லூசெர்ன் ஏரியின் தென்கோடியில் இருக்கும் ஊரி மாநிலம் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. மகன் தலையில் வைத்த ஆப்பிளை அம்பெய்து வீழ்த்திய வில்லியம் டெல்லின் கதையைப் பள்ளியில் படித்திருப்போமே, அந்தக் கதை நடக்கிற இடம் இதுதான். மொத்த மக்கள்தொகையே 40,000-க்குள் அடங்கிவிடும்.

ஏரி முடிகிற ஃப்ளூவேலனிலிருந்து தெற்கே போகப் போக, இரண்டு பக்கமும் மலை நெருங்கி வருகிறது. நடுவில் மிச்சமிருக்கும் கொஞ்சம் சமவெளியில் ராய்ஸ் ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை, பழைய சாலை, வீடுகள், மாட்டுத் தொழுவங்கள் எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடக்கின்றன. அந்தச் சாலையிலும் தண்டவாளத்திலும் இரவு பகலாகச் சரக்கு போகிறது. ஜெர்மனியின் இயந்திர பாகங்கள், இத்தாலியின் தரை ஓடுகள், தக்காளி டின்கள், குளிர்பதனப் பெட்டிகள்... அதில் பெரும்பகுதி ஊரிக்கு வருவதும் இல்லை. ஊரியிலிருந்து கிளம்புவதும் இல்லை. சும்மா கடந்து போகிறது.

நம் வாசலைக் கடந்து போகிற சரக்குக்கு யார் விலை கொடுப்பது? இந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சாத்தானுக்கு ஓர் ஆடு

ஐரோப்பாவின் வரைபடத்தில், வடக்கே ரைன் நதிக்கரைத் தொழில் நகரங்கள். தெற்கே மிலானும் ஜெனோவா துறைமுகமும். நடுவில் மதில்போல ஆல்ப்ஸ். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பாலக்காட்டுக் கணவாய் என்ற அகன்ற வழி வாய்த்தது. ஆல்ப்ஸின் இந்தப் பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோத்தார்ட் கணவாய்தான் நேர்வழி. அதுவும் 2,106 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும்.

அந்தக் கணவாய்க்கு ஏறும் வழியில் ஷோலனன் என்ற மலைப்பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ராய்ஸ் ஆறு நுரைத்துக்கொண்டு விழும். அங்கே பாலம் கட்ட முடியாமல் தவித்த ஊர்க்காரர்களிடம் சாத்தான் வந்து பேரம் பேசினானாம். “பாலத்தை நான் கட்டித் தருகிறேன். முதலில் கடக்கிற உயிர் எனக்கு!” ஊர்க்காரர்கள் சம்மதித்தார்கள். பாலம் எழுந்ததும் ஓர் ஆட்டை முதலில் ஓட்டிவிட்டார்கள். ஏமாந்த சாத்தான் பாலத்தை உடைக்கப் பெரிய பாறையைத் தூக்கிக்கொண்டு வர, வழியில் ஒரு கிழவி அந்தப் பாறையில் சிலுவைக் குறி போட்டுவிட்டாள். அதற்கு மேல் அவனால் அதைத் தூக்க முடியவில்லை.

சாத்தான் பாலம் என்ற பெயரில் இன்றும் அங்கே பாலம் இருக்கிறது. அந்தப் பாறையும் கோஷெனன் கிராமத்தருகே இருக்கிறது. 1977-ல் நெடுஞ்சாலை வந்தபோது, வழியில் நின்ற அந்த 220 டன் பாறையை உடைக்க ஊர் சம்மதிக்கவில்லை. மூன்று லட்சம் ஃபிராங்க் செலவழித்து 127 மீட்டர் தள்ளி நகர்த்தி வைத்தார்கள். சாத்தானால் முடியாததை லாரிச் சாலை செய்துவிட்டது என்று சிரித்துக்கொள்ளலாம்.

கோவேறு கழுதைகளின் முதுகில் மூட்டைகள் கடந்துபோன அந்தக் காலத்தில், கடக்கிற ஒவ்வொரு பொதியும் இந்தக் கிராமங்களுக்குச் சோறு போட்டது. கழுதை ஓட்டுவது இந்த ஊர் ஆள். ராத்தங்கல் இந்த ஊர்ச் சத்திரத்தில். சரக்கு கடந்து போனாலும் காசு கொஞ்சம் இங்கே தங்கியது.

மூன்று முறை தெரியும் தேவாலயம்

1882-ல் ரயில் வந்தது. கோஷெனனிலிருந்து மலைக்கு அந்தப்பக்கம் ஐரோலோ வரை 15 கி.மீ. சுரங்கம். பத்து ஆண்டு வேலை. நீர்க்கசிவு, வெடி விபத்து, நோய் என்று ஏறக்குறைய 200 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1875-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். சுரங்கத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்றிருந்த லூயி ஃபாவ்ர், 1879-ல் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்து உயிரை விட்டார். தான் வெட்டிய வழியின் மறுமுனை வெளிச்சத்தை அவர் பார்க்கவே இல்லை.

இந்தப் பழைய பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு இது விருந்து. வாசென் கிராமத்தின் வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே தெரியும். ரயில் ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து வளைந்து வெளியே வந்தால், அதே தேவாலயம் ஜன்னலுக்கு நேரே நிற்கும். இன்னொரு வளைவுக்குப் பின் காலடியில் கிடக்கும். மலைக்குள்ளேயே ரயில் வளைந்து வளைந்து உயரம் ஏறுவதால் வரும் வேடிக்கை இது. குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த ரயிலை விடக் கூடாது.

பயணிக்கு வேடிக்கை, சரக்குக்கு வேதனை! பாதையின் உச்சி 1,151 மீட்டர். 100 மீட்டர் போனால் 2.6 மீட்டர் ஏற்றம். கனமான கூட்ஸ் வண்டி வந்தால், அடிவாரத்தில் உள்ள எர்ஸ்ட்ஃபெல்டில் நிறுத்தி, கூடுதல் என்ஜின்களை மாட்டி இழுத்தும் தள்ளியும்தான் மலையேற்றினார்கள். எர்ஸ்ட்ஃபெல்டே அந்த என்ஜின்களால் வளர்ந்த ஊர்.

ஒரு நல்லது மட்டும் சீக்கிரமே நடந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் நிலக்கரி கிடையாது. முதல் உலகப்போரில் இறக்குமதி தடுமாறியதும், ‘கரி இல்லாவிட்டால் என்ன, அருவி இருக்கிறதே’ என்று 1920-லேயே இந்த மலைப்பாதையை மின்மயமாக்கினார்கள். மலையிலிருந்து விழும் தண்ணீரே மலை மேல் ரயிலை ஏற்றியது. இறங்கும் ரயில் பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தைத் திரும்பக் கம்பிக்கே அனுப்பும் வழக்கமும் இங்கே பழையது. ‘பசுமைப் போக்குவரத்து’ என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அது ஓடிக்கொண்டிருந்தது.

லாரிகள் வந்தன

1980 செப்டம்பரில் 16.9 கி.மீ. நீளச் சாலைச் சுரங்கம் திறந்தது. இனி கணவாய் ஏற வேண்டாம், பனிக்குக் காத்திருக்க வேண்டாம். வடக்கிலிருந்து தெற்குக்கு லாரிகள் நேராக ஓடின.

குறுகிய பள்ளத்தாக்கில் லாரி போவதும் சமவெளியில் போவதும் ஒன்றல்ல. சத்தம் இரண்டு பக்க மலையிலும் மோதி மேலே ஏறும். சாலையைவிட மேட்டில் இருக்கிற வீட்டுக்குச் சத்தம் குறையாது. குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று பள்ளத்தின் அடியில் தங்கிவிட, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் அமர்ந்துகொள்ளும். டீசல் புகை வெளியேற வழியில்லாமல் வீடுகளுக்கு நடுவே தேங்கும்.

இதில் இன்னொரு பயமும் உண்டு. இந்த ஊர்களுக்குக் காடுதான் மதில். மேலேயிருந்து சரியும் பனியை மரங்கள்தான் தடுக்கின்றன. ஆண்டர்மாட் கிராமத்துக்கு மேலே இருக்கும் காட்டில் யாரும் மரம் வெட்டக் கூடாது என்று 1397-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். அப்படிக் காத்து வந்த மரங்களைப் புகை வாட்டினால்?

இங்கே கடக்கிற சரக்கு காசு எதையும் விட்டுச் செல்லவில்லை. புகையை மட்டும் விட்டுச் சென்றது.

2001 அக்டோபர் 24 அன்று சாலைச் சுரங்கத்துக்குள் இரண்டு லாரிகள் நேருக்கு நேர் மோதித் தீப்பிடித்ததில் 11 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம் சுரங்கம் மூடிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது, மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுவதுபோல லாரிகளை எண்ணி உள்ளே விடும் முறை வந்தது. எர்ஸ்ட்ஃபெல்டுக்கு அருகே பெரிய சோதனை மையம் ஒன்று இருக்கிறது. லாரியின் எடை, பிரேக், டயர், டிரைவர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டுகிறார் என்பதுவரை பார்க்கிறார்கள்.

வாக்குச்சீட்டில் எழுதிய தீர்ப்பு

சுவிட்சர்லாந்தில் போதுமான கையெழுத்து சேர்த்தால், சாதாரணக் குடிமக்களே அரசியல் சட்டத்தைத் திருத்த வாக்கெடுப்பு கோரலாம். 1989-ல் ஊரிக்காரர்கள் முன்னின்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். கோரிக்கை எளிமையானது. ‘ஓர் எல்லையில் நுழைந்து மறு எல்லையில் வெளியேறும் சரக்கு, ஆல்ப்ஸை ரயிலில்தான் கடக்க வேண்டும்.’

அரசாங்கம் வேண்டாம் என்றது. ஐரோப்பிய நாடுகளோடு உறவு கெடும் என்றது. 1994 பிப்ரவரி 20 அன்று வாக்கெடுப்பு. சுமார் 52 சதவிகிதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். மலைப் பள்ளத்தாக்கின் முணுமுணுப்பு அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது.

சட்டத்தில் எழுதினால் மட்டும் லாரி நின்றுவிடுமா? அடுத்து வந்ததுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. 2001 முதல், 3.5 டன்னுக்கு மேற்பட்ட எல்லாச் சரக்கு வாகனங்களுக்கும் தூரக் கட்டணம். எத்தனை கி.மீ. ஓடுகிறது, எவ்வளவு எடை ஏற்றலாம், எவ்வளவு புகை கக்குகிறது என்று மூன்றையும் வைத்துக் கணக்கு. வடக்கு எல்லையான பாசலிலிருந்து தெற்கு எல்லையான சியாஸோ வரை சுமார் 300 கி.மீ. தூரத்துக்கு ஒரு 40 டன் லாரி கிட்டத்தட்ட 300 ஃபிராங்க் கட்ட வேண்டும். நம் பணத்தில் சுமார் 30,000 ரூபாய்! அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மாநிலங்களுக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி ரயில் பாதைக்கு. லாரி கட்டிய காசிலேயே லாரிக்குப் போட்டியான பாதை உருவாயிற்று.

இரவு 10 மணி முதல் அதிகாலை 5 மணி வரையும், ஞாயிற்றுக்கிழமையும் லாரி ஓடக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஊர் தூங்குவதற்கான நேரம் அது.

மலைக்கு அடியில் 57 கி.மீ.

எர்ஸ்ட்ஃபெல்டில் நுழைந்து தெற்கே போடியோவில் வெளியே வருகிறது கோத்தார்ட் அடித்தள ரயில் சுரங்கம். நீளம் 57 கி.மீ. உலகத்தின் மிக நீளமான ரயில் சுரங்கம். 2016 ஜூன் 1 அன்று திறந்தார்கள். 17 ஆண்டு வேலை. தலைக்கு மேலே சில இடங்களில் 2,300 மீட்டர் பாறை. உள்ளே பாறையின் வெப்பம் 45 டிகிரி. ஒன்பது தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

நீளத்தைவிட முக்கியம், அதன் தாழ்வு. பழைய பாதை 1,151 மீட்டர் ஏறி இறங்கியது. இந்தச் சுரங்கத்தின் உச்சி 549 மீட்டர்தான். நம் கோயம்புத்தூரின் உயரத்தைவிடச் சற்றே அதிகம். அதாவது, ஆல்ப்ஸை ஏறாமலே கடக்கலாம்! பின்னாலிருந்து தள்ளும் என்ஜின் வேண்டாம். 750 மீட்டர் நீளக் கூட்ஸ் வண்டி மூச்சு வாங்காமல் போகிறது.

ரயிலுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? காரணம் சக்கரத்தில் இருக்கிறது. ரப்பர் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. டீசலின் சக்தியில் ஒரு பகுதி அதிலேயே வீணாகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் நசுங்காமல் உருளும். தடை மிகக் குறைவு. முப்பது நாற்பது வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் போவதால் காற்றைக் கிழிக்கும் வேலையும் முதல் வண்டிக்குத்தான் அதிகம். இழுப்பது மின்சாரம், அந்த மின்சாரமும் பெரும்பாலும் அணைத் தண்ணீரிலிருந்து வருகிறது.

சுரங்கத்திலிருந்து வெளியே வந்த பாறைத்துகள் மட்டும் 2.8 கோடி டன். அதில் ஒரு பகுதி கான்கிரீட்டாகித் திரும்பச் சுரங்கத்துக்குள்ளேயே போனது. இன்னொரு பகுதியை ஊரி ஏரியில் கொட்டி, ராய்ஸ் ஆறு கலக்கும் இடத்தில் சின்னச் சின்னத் தீவுகளை உருவாக்கினார்கள். சில தீவுகள் பறவைகளுக்கு, சில தீவுகள் குளிக்க வருகிறவர்களுக்கு. கோடையில் பிள்ளைகள் அங்கே குதித்துக் கும்மாளமிடுகிறார்கள். காலடியில் இருப்பது மலையின் வயிற்றிலிருந்து வந்த கல் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியுமோ!

வென்றதா, தோற்றதா?

2000-ம் ஆண்டில் சுவிஸ் ஆல்ப்ஸைக் கடந்த லாரிகள் சுமார் 14 லட்சம். இதை ஆறரை லட்சமாகக் குறைக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கான கெடு 2018. கெடு தாண்டிவிட்டது, 2023-லும் 9 லட்சத்துக்கு மேல் லாரிகள் கடந்தன.

அப்படியானால் தோல்வியா? இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்து வழியே ஆல்ப்ஸைக் கடக்கும் சரக்கில் ஏறத்தாழ 70 சதவிகிதம் ரயிலில் போகிறது. பக்கத்து ஆஸ்திரியாவின் பிரென்னர் கணவாயில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் லாரிகள். அங்கேயும் இப்போது 55 கி.மீ. ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தடை மலையில் இல்லை, சமவெளியில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. தெற்கே 15.4 கி.மீ. நீளச் செனெரி சுரங்கத்தை 2020-ல் முடித்து, 4 மீட்டர் உயர டிரெய்லர்களை அப்படியே ரயிலில் ஏற்ற வழி செய்துவிட்டது சுவிட்சர்லாந்து. வடக்கே ஜெர்மனிப் பக்கம் ரைன் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அகலப்படுத்தும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. 2017 ஆகஸ்ட்டில் ராஷ்டாட் என்ற ஊரில் புதுச் சுரங்க வேலையின்போது தண்டவாளம் கீழிறங்கிவிட, அந்தப் பாதை ஏழு வாரம் மூடிக் கிடந்தது. கூட்ஸ் வண்டிகள் வழி தெரியாமல் தேங்கின. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில்தானே!

2023 ஆகஸ்ட் 10 அன்று சோதனை கோத்தார்டுக்கே வந்தது. அடித்தளச் சுரங்கத்துக்குள் ஒரு கூட்ஸ் வண்டியின் சக்கரம் உடைந்து, பெட்டிகள் தடம்புரண்டன. யாருக்கும் காயமில்லை. ஆனால் சுமார் 7 கி.மீ. தண்டவாளமும் ஆயிரக்கணக்கான ஸ்லீப்பர் கட்டைகளும் நாசம். முழுவதும் சீராக 2024 செப்டம்பர் ஆகிவிட்டது. அதுவரை கைகொடுத்தது யார் தெரியுமா? பயணிகள் ரயில்களில் பெரும்பாலானவை 1882-ன் பழைய மலைப்பாதையில், வாசென் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போயின. சேதமில்லாத இன்னொரு குழாய் சரக்குக்கு உழைத்தது. புதியது வந்ததும் பழையதைப் பிடுங்கி எறியாமல் வைத்திருந்தது, ஆபத்துக்கு உதவியது.

சாலைப் பக்கமும் கதை முடியவில்லை. பழுதுபார்க்க வேண்டிய பழைய சாலைச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கம் வெட்ட 2016-ல் மக்கள் சம்மதம் தந்தார்கள். இரண்டும் திறந்த பிறகும் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தடத்தில்தான் வண்டி ஓடலாம் என்பது சட்டம். ‘இரண்டு தடம் இருக்கும்போது ஒன்றை எத்தனை நாள் பூட்டி வைப்பார்கள்?’ என்று ஊரியில் இன்னும் சந்தேகத்தோடுதான் கேட்கிறார்கள்.

நம் வாசலில்...

செங்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. புளியரைச் சோதனைச்சாவடியில் கேரளாவுக்குப் போக வரிசை கட்டும் லாரிகளும், அதே மலையைக் கடந்து புனலூர் வழியே கொல்லம் போகும் ரயில் பாதையும் அவர்கள் அன்றாடம் பார்ப்பவை. 1904-ல் வந்த மீட்டர்கேஜ் பாதை அது. 2018-ல் அகலப்பாதையாயிற்று. சாலையும் தண்டவாளமும் ஒரே மலையைக் கடக்கின்றன. எதில் எவ்வளவு போக வேண்டும் என்பது மலை எடுக்கிற முடிவல்ல.

லாரியை ரயிலேற்றும் வித்தையும் நமக்குப் புதிதல்ல. கொங்கண் ரயில்வே 1999 முதலே சரக்கோடு லாரிகளைத் தட்டையான வாகன்களில் ஏற்றிச் செல்கிறது. மகாராஷ்டிராவின் கோலாடில் ஏறும் லாரி, கர்நாடகாவின் சூரத்கல்லில் இறங்கி ஓடத் தொடங்கும். வழியெல்லாம் டிரைவர் தன் லாரியிலேயே காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். டீசலும் மிச்சம், தூக்கமும் மிச்சம். ஆனாலும் சுதந்திரம் பெற்ற புதிதில் நாட்டின் சரக்கில் பெரும்பகுதியைச் சுமந்த ரயில், இப்போது மூன்றில் ஒரு பங்குகூடச் சுமப்பதில்லை.

அடுத்த முறை சுவிட்சர்லாந்து போகிறவர்கள், பனிச்சிகரங்களுக்கு நடுவே ஒரு நாளை ஊரிக்கு ஒதுக்கலாம். லூசெர்னிலிருந்து பழைய மலைப்பாதை ரயிலில் ஏறி, இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறித் தெரியும் வாசென் தேவாலயத்தை எண்ணிக்கொண்டே கோஷெனனில் இறங்கலாம். சாத்தான் பாறையைப் பார்த்துவிட்டு, ஷோலனன் பிளவு வரை ஏறிப் பாலத்தில் நிற்கலாம்.

அந்தக் காலத்து ஊரிக்காரர்கள் சாத்தான் கேட்ட விலையை ஓர் ஆட்டை அனுப்பிச் சமாளித்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள், சாலை கேட்ட விலையைத் தங்கள் நுரையீரலிலிருந்து கொடுக்க மறுத்து, கடக்கிற லாரியிடமே பில்லை நீட்டினார்கள். பில் இன்னும் முழுதாக வசூலாகவில்லை. இரவு பத்து மணிக்கு லாரிகள் நின்ற பிறகு, பள்ளத்தாக்கில் ராய்ஸ் ஆற்றின் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.